பெயரிலிருந்து பெயரடை: ஆங்கிலத்திலும் ருமேனிய மொழியிலும் விகுதியைத் தேர்ந்தெடுக்கும் முறை

எழுத்தாளர், அரசர், அறிவியலாளர், ஊர் ஆகியவற்றின் பெயர்களோடு ஒரு விகுதியைச் சேர்த்துப் பெயரடையாக்கும் வழக்கம் ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் வேரூன்றியது. பள்ளிக் கணக்கில் 'கார்ட்டீசியன்' ஆயங்களையும், கணினி வகுப்பில் 'பூலியன்' மாறியையும் சந்தித்த எவருக்கும் இந்த வழக்கம் புதிதன்று. முன்னது தெகார்த் என்ற பிரெஞ்சு மெய்யியலாளரின் பெயரிலிருந்தும், பின்னது ஜார்ஜ் பூல் என்ற ஆங்கிலேயக் கணிதவியலாளரின் பெயரிலிருந்தும் பிறந்தவை. ஆயினும் எந்தப் பெயருக்கு எந்த விகுதி பொருந்தும் என்பதை ஆங்கில இலக்கண நூல்கள் தெளிவாகச் சொல்வதில்லை. ருமேனிய மொழியையும் உடன் கற்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. அம்மொழியின் விகுதிகள் பார்வைக்கு ஆங்கில விகுதிகளின் உடன்பிறப்புகள் போலவே தோன்றுகின்றன. ஆனால் ஒன்றில் சரியாக அமைந்த சொல்லை அப்படியே மற்றதற்கு எடுத்துச் சென்றால் பிழையாகிவிடுகிறது. இரு மொழிகளுக்கும் பொதுவாகப் பயன்படக்கூடிய ஒரு வரிசைமுறையை இங்கே தருகிறேன்.

ஒலிபெயர்ப்பைப் பற்றி முதலில் ஒரு குறிப்பு. 'ஐ, ஏ, என்' என்ற ஒரே மூன்று எழுத்துகளால் இரு மொழிகளிலும் எழுதப்படும் விகுதியை, ஆங்கிலத்திற்கு '-இயன்' என்றும் ருமேனிய மொழிக்கு '-இயான்' என்றும் இங்கே எழுதுகிறேன். ஆங்கிலத்தில் அவ்விகுதி அழுத்தமின்றித் தேய்ந்து ஒலிக்கிறது. ருமேனிய மொழியில் சொல்லின் முழு அழுத்தமும் அதன்மீதே விழுகிறது. தமிழின் குறில் நெடில் வேறுபாடு இதைக் காட்ட நன்றாகவே உதவுகிறது.

படி 1: பெயரடை தேவையா என்று பாருங்கள்

விகுதியைத் தேடும் முன், அந்த இடத்திற்குப் பெயரடைதான் வேண்டுமா என்பதை முடிவு செய்ய வேண்டும். ஷேக்ஸ்பியர் எழுதிய சானெட்டுகளைக் குறிக்க ஆங்கிலத்தில் உடைமை வேற்றுமை போதும். அவருடைய 154 சானெட்டுகள் 1609இல் தொகுப்பாக அச்சாயின; அவை ஷேக்ஸ்பியரின் சானெட்டுகள். 'ஷேக்ஸ்பியரியன் சானெட்' என்பதோ வேறு. அது மூன்று நாலடிக் கண்ணிகளும் இறுதியில் ஓர் ஈரடியும் கொண்ட பதினான்கு அடி யாப்பைக் குறிக்கும் வகைப்பெயர். இந்த யாப்பை ஆங்கிலத்தில் முன்பே கையாண்டவர் சரே பிரபு ஹென்றி ஹோவர்ட். அவர் தலை துண்டிக்கப்பட்டு இறந்தது 1547இல், ஷேக்ஸ்பியர் பிறந்தது 1564இல். ஆக, ஷேக்ஸ்பியர் பிறப்பதற்கு முன்பே எழுதப்பட்ட ஒரு கவிதையையும் ஷேக்ஸ்பியரியன் சானெட் என்று அழைப்பதில் முரண் எதுவும் இல்லை. பெயரடை உடைமையைச் சொல்வதில்லை, வகையைச் சொல்கிறது. இந்த வழிகாட்டியின் மற்ற படிகள் எல்லாம் இந்த வேறுபாட்டின் மீதே நிற்கின்றன.

ருமேனிய மொழியில் ஆண்பெயருக்கு முன் 'லுய்' என்ற சொல்லை வைத்து உடைமை காட்டுவார்கள்: 'பொயெசியா லுய் எமினெஸ்கு' என்றால் ருமேனியக் கவிஞர் எமினெஸ்குவின் கவிதை. 'பொயெசியா எமினெஸ்சியான' என்றால் எமினெஸ்குவின் தன்மை கொண்ட கவிதை, அல்லது அவருடைய கவிதையுலகத்தை ஒட்டுமொத்தமாக நோக்கும் திறனாய்வாளரின் சொல். ருமேனியத் திறனாய்வுக் கட்டுரைகளில் இரண்டாவது பொருள் ஆங்கிலத்தில் உள்ளதைவிட மிகத் தாராளமாகப் புழங்குகிறது. ஆங்கிலத்தில் உடைமை வேற்றுமை இயல்பாக வரும் பல இடங்களில் ருமேனிய எழுத்தாளர் பெயரடையை எடுத்துக்கொள்வார்.

மூன்றாவது வழியும் உண்டு. நோபல் பரிசு, டூரிங் இயந்திரம், பிளாங்க் மாறிலி ஆகியவற்றில் ஆங்கிலம் எந்த விகுதியையும் சேர்ப்பதில்லை. பெயர் அப்படியே அடையாக நிற்கிறது. அறிவியலில் எந்தப் பெயர் விகுதி பெறும், எது பெறாது என்பது முற்றிலும் வழக்கைச் சார்ந்தது. நியூட்டனின் இயக்கவியல் 'நியூட்டோனியன்' ஆகிறது, காஸின் பரவல் 'காஸியன்' ஆகிறது, டூரிங்கின் இயந்திரத்திற்கோ விகுதி ஒட்டவில்லை. இதற்குக் காரணம் தேடுவது வீண். சொற்றொடரை முழுதாக மனத்தில் இருத்திக்கொள்வதே வழி.

படி 2: பெயரின் இறுதியைக் கவனியுங்கள்

கற்பவர்கள் பெரும்பாலும் நேரே விகுதிக்குத் தாவிவிடுகிறார்கள். ஆனால் பெயர் எப்படி முடிகிறது என்பதே பாதி விடையைத் தந்துவிடும்.

ஆங்கிலத்தில் மெய்யெழுத்தில் முடியும் பெயர்கள் தொல்லை தருவதில்லை: டிக்கன்ஸ் 'டிக்கென்சியன்' ஆகிறார், ஆர்வெல் 'ஆர்வெல்லியன்' ஆகிறார். ஓசையற்ற 'ஈ' எழுத்தில் முடியும் பெயர்கள் அந்த எழுத்தைத் தக்கவைத்துக்கொண்டு 'ஈ, ஏ, என்' என்று எழுதப்படுகின்றன. ஜாய்ஸ், வைல்ட், பூல் ஆகியோர் அவ்வகை. ஷேக்ஸ்பியருக்கு மட்டும் இரண்டு எழுத்துமுறைகளும் வழக்கில் உள்ளன. லத்தீன் 'அஸ்' ஈற்றை உடைய பெயர்கள் அதை உதிர்த்துவிடும்: கோப்பர்னிக்கஸ் 'கோப்பர்னிக்கன்' ஆகிறார்.

உயிரொலியில் முடியும் பெயர்களில்தான் சுவையான மாற்றங்கள் நிகழ்கின்றன. பெர்னார்ட் ஷாவுக்கு 'ஷேவியன்', மார்லோவுக்கு 'மார்லோவியன்', தோரோவுக்கு 'தோரோவியன்' என்று நடுவில் ஒரு வகர ஒலி நுழைகிறது. நேருவிலிருந்து 'நேருவியன்' பிறந்ததும் இதே வழியில்தான். இந்திய அரசியல் எழுத்தில் அன்றாடம் புழங்கும் இச்சொல்லின் வகரம் தமிழின் உடம்படுமெய்யைப் போலவே பணி செய்கிறது, ஆனால் வந்த வழி வேறு. ஷா போன்ற பெயர்களை லத்தீனாக்கி எழுதியபோது தோன்றிய வடிவம் அது. காந்தி இகரத்தில் முடிவதால் 'காந்தியன்' என்பதற்கு இணைப்பொலி எதுவும் தேவைப்படவில்லை.

சில பெயர்கள் விகுதி ஏற்கும்போது முழுமையாகத் தம் லத்தீன் வடிவத்திற்குத் திரும்பிவிடுகின்றன. தெகார்த் தம் பெயரை லத்தீனில் கார்ட்டீசியஸ் என்று எழுதியதால் 'கார்ட்டீசியன்' வந்தது. சார்லஸ் என்ற மன்னர் பெயர் லத்தீனில் கரோலஸ் என்பதால் 'கரோலைன்'. ஜேம்ஸ் ஜாகோபஸ் என்பதால் 'ஜேக்கபியன்'. பேதுரு, பவுல், யோவான் ஆகிய திருத்தூதர்களுக்கு முறையே 'பீட்ரைன்', 'பாலைன்', 'ஜோஹனைன்'. ஊர்ப்பெயர்களிலும் இந்தப் போக்கு உண்டு. ஆக்ஸ்ஃபோர்டுக்கு 'ஆக்சோனியன்', கேம்பிரிட்ஜுக்கு 'கேண்டாப்ரிஜியன்', மான்செஸ்டருக்கு 'மான்குனியன்'. இவற்றை விதியைக் கொண்டு ஊகிக்க இயலாது; பழைய லத்தீன் பெயர் தெரிந்திருக்க வேண்டும், இல்லையேல் அகராதியைப் புரட்ட வேண்டும்.

ருமேனிய மொழியில் இந்தப் படி இன்னும் முக்கியமானது. ஏனெனில் அம்மொழியின் குடும்பப்பெயர்கள் பலவற்றுக்குள் ஏற்கெனவே ஒரு பெயரடை விகுதி ஒளிந்திருக்கிறது. '-எஸ்கு' என்று முடியும் பெயர்கள், '-எஸ்க்' என்ற பெயரடை விகுதியும் பழைய சுட்டுவிகுதியின் எச்சமான உகரமும் சேர்ந்து உண்டானவை. ருமேனியாவின் தேசியக் கவி மிஹாய் எமினெஸ்கு 1850இல் எமினோவிச் என்ற குடும்பப்பெயருடன் பிறந்தவர். 1866இல் அவருடைய கவிதையை வெளியிட்ட 'ஃபமிலியா' இதழின் ஆசிரியர் யோசிஃப் வுல்கான், ஸ்லாவியச் சாயலுடைய '-ஓவிச்' ஈற்றை நீக்கி '-எஸ்கு' ஈற்றை இட்டு அச்சிட்டார். கவிஞரும் அதையே ஏற்றுக்கொண்டார். இப்படிப்பட்ட பெயரின் மேல் மீண்டும் '-எஸ்க்' சேர்த்தால் ஒரே விகுதி இருமுறை வந்து நாக்கைத் தடுக்கும். ஆகவே உகரத்தை நீக்கி '-இயான்' சேர்க்கிறார்கள். அப்போது ககர ஒலி இகரத்தின் முன் சகரமாக மாறுவதால் 'எமினெஸ்சியான்' என்றாகிறது. இசையமைப்பாளர் எனெஸ்கு 'எனெஸ்சியான்' ஆவதும், திறனாய்வாளர் மயோரெஸ்கு 'மயோரெஸ்சியான்' ஆவதும் இவ்வாறே.

'-யானு' என்று முடியும் பெயர்கள் இன்னொரு பெருங்குழு. இவற்றுக்குள் இருப்பது ஊர்க்காரரைக் குறிக்கும் '-யான்' விகுதி. நாவலாசிரியர்கள் சாடோவ்யானு, ரெப்ரியானு ஆகியோரின் பெயர்களில் உள்ள அந்த யகர ஆகாரம், விகுதி சேர்ந்து அழுத்தம் இடம் மாறியவுடன் எகரமாகக் குறுகுகிறது: 'சாடோவெனியான்', 'ரெப்ரெனியான்'. அழுத்தமுள்ள அசையில் 'யா', அழுத்தமற்ற அசையில் 'எ' என்ற இந்த மாற்றம் ருமேனிய மொழி முழுவதும் காணப்படுவது. இதை ஒருமுறை பிடித்துக்கொண்டால் பல பெயரடைகள் தாமாகவே கைக்கு வரும்.

எஞ்சிய பெயர்களில் இறுதி உயிர் பொதுவாக விகுதியின் இகரத்திற்கு இடம் விட்டு விலகிவிடும். கவிஞர்களான பாகோவியா 'பாகோவியான்', ஆர்கெஸி 'ஆர்கெஸியான்', சிற்பி பிரின்குஷ் 'பிரின்குஷியான்', நாடகாசிரியர் கராஜாலே 'கராஜாலியான்'. ககரத்தின் வல்லோசைக்கு மட்டும் ஒரு கண் வைக்க வேண்டும். கவிஞரும் மெய்யியலாளருமான லூசியான் பிளாகாவின் பெயரிலுள்ள வல்லோசை இகரத்தின் முன் ஜகரமாக நெகிழ்ந்து 'பிளாஜியான்' என்றாகிறது. வரலாற்றாசிரியரும் 1931-32இல் பிரதமராக இருந்தவருமான நிகோலாய் யோர்காவின் ஆதரவாளரைக் குறிக்கும் 'யோர்கிஸ்ட்' என்ற சொல்லிலோ, இடையில் 'ஹெச்' எழுத்தை இட்டு வல்லோசையைக் காப்பாற்றியிருக்கிறார்கள். ஒரே ஒலி, இரண்டு தீர்வுகள். இவற்றை ஒழுங்குபடுத்தும் பொதுவிதி எதையும் நம்பிக்கொண்டிராமல் சொல்லைச் சொல்லாகவே கற்பது பாதுகாப்பானது.

படி 3: உறவு எத்தகையது என்று கேளுங்கள்

பெயரின் வடிவம் தெளிவானபின், அப்பெயருக்கும் நீங்கள் விவரிக்கும் பொருளுக்கும் உள்ள உறவைக் கேட்க வேண்டும். அது ஒரு காலமா, ஒரு கட்சிச் சார்பா, ஒரு கொள்கையா, ஒரு பாணியா? ஆங்கிலத்தில் இக்கேள்வியின் வலிமையைக் காட்ட ஜேம்ஸ் என்ற பெயரைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை. 'ஜேக்கபியன்' என்றால் முதலாம் ஜேம்ஸ் இங்கிலாந்தை ஆண்ட 1603 முதல் 1625 வரையிலான காலத்தைச் சேர்ந்தது. 'ஜேக்கபைட்' என்றால் 1688இல் அரியணை இழந்த இரண்டாம் ஜேம்ஸுக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் ஆதரவாக நின்றவர். நாவலாசிரியர் ஹென்றி ஜேம்ஸின் நடையைக் குறிப்பது 'ஜேம்சியன்'. பெயர் ஒன்றே, விகுதியும் அடிச்சொல்லும் மாற, மூன்று வெவ்வேறு மனிதர்களுடன் மூன்று வெவ்வேறு உறவுகள் புலப்படுகின்றன.

ஆங்கிலத்தில் பொதுவான விகுதி '-இயன்' என்பதே. ஐயம் வரும்போது இதைத் தேர்ந்தால் பெரும்பாலும் தவறாது. ஆட்சிக்காலங்களுக்கு இதுவே வழக்கம்: 1837 முதல் 1901 வரையிலான விக்டோரியா காலம் 'விக்டோரியன்', அதைத் தொடர்ந்த ஏழாம் எட்வர்ட் காலம் 'எட்வர்டியன்'. எலிசபெத், லூத்தர் ஆகிய பெயர்கள் இகரமின்றி 'எலிசபெதன்', 'லூத்தரன்' என்று அமைகின்றன.

'-இக்' விகுதி முதன்மையாகக் கிரேக்கப் பெயர்களுக்கு உரியது: ஹோமர், சாக்ரடீஸ், பிளேட்டோ, ஹிப்போகிரட்டீஸ் ஆகியோர் 'ஹோமரிக்', 'சாக்ரடிக்', 'பிளேட்டானிக்', 'ஹிப்போகிரட்டிக்' ஆகிறார்கள். ஆனால் அரிஸ்டாட்டில் 'அரிஸ்டாட்டீலியன்' ஆகிவிடுகிறார். கிரேக்கரல்லாத பைரன், மில்டன், நெப்போலியன் ஆகியோரும் இவ்விகுதியைப் பெறுகிறார்கள்; மூவரின் பெயரும் 'ஆன்' போன்ற ஒலியில் முடிவதால் ஒரு விதி இருப்பதாகத் தோன்றலாம். நியூட்டன், டென்னிசன், எமர்சன் ஆகியோர் அதே ஈற்றுடன் '-இயன்' ஏற்பதைப் பார்த்தவுடன் அந்த எண்ணம் கலைந்துவிடும்.

'-எஸ்க்' விகுதி பாணிக்கும் தோற்றத்திற்கும் உரியது. அது இத்தாலிய மொழியிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்திற்கு வந்தது. 'காஃப்காஎஸ்க்' என்பது காஃப்கா எழுதியதைவிட, காஃப்காவின் கதைக்குள் அகப்பட்டது போன்ற அலுவலகச் சூழலையே பெரும்பாலும் குறிக்கிறது. 'சாப்ளினெஸ்க்' என்பது சாப்ளினின் நடையையும் சேட்டையையும் நினைவூட்டும் ஒன்று. உடலமைப்பைக் குறிக்கும் 'ரூபெனெஸ்க்' என்ற சொல்லில் ஓவியர் ரூபென்ஸின் பெயரிறுதிச் சகரமே காணாமற்போய்விட்டது.

அரசியலில் '-இஸ்ட்', '-ஐட்' என்ற இரண்டும் போட்டியிடுகின்றன. இவற்றின் மணம் வேறு. டிராட்ஸ்கியின் வழி நடப்பவர்கள் தங்களை 'டிராட்ஸ்கியிஸ்ட்' என்று சொல்லிக்கொண்டார்கள். எதிரிகள் 'டிராட்ஸ்கியைட்' என்றார்கள். ஆனால் '-ஐட்' எப்போதும் இழிவானதன்று: 'தாட்சரைட்', 'பிளேரைட்' ஆகியவற்றைப் பிரிட்டிஷ் இதழ்கள் சாதாரணச் சொற்களாகவே எழுதுகின்றன, 'அம்பேத்கரைட்' என்பதை அவ்வியக்கத்தினரே பெருமையுடன் ஏற்றிருக்கிறார்கள். மார்க்ஸின் பெயரில் இன்னொரு நுட்பம் உண்டு. 'மார்க்சிஸ்ட்' என்றால் கொள்கைப் பிடிப்பு தொனிக்கும். 'மார்க்சியன்' என்றால் பொருளியல் பகுப்பாய்வு முறையைச் சார்பின்றிக் குறிக்கும் கல்விப்புலச் சொல்.

படி 4: ருமேனிய விகுதியை ஆங்கில விகுதியைப் பார்த்துத் தேராதீர்கள்

ருமேனிய மொழியில் எழுத்தாளர், கலைஞர் பெயர்களுக்கு '-இயான்' ஏறத்தாழத் தனியாட்சி செலுத்துகிறது. நவீன காலத்தில் லத்தீன், பிரெஞ்சு மாதிரிகளைப் பின்பற்றி வந்த படித்தோர் விகுதி இது. அயல்நாட்டு எழுத்தாளர்களையும் எளிதில் ஏற்றுக்கொள்கிறது. 'பால்சாசியான்', 'ப்ருஸ்டியான்', 'ஷேக்ஸ்பிரியான்' எல்லாம் இவ்வகை. ஆங்கிலம் வேறு விகுதியைத் தேர்ந்த இடங்களிலும் ருமேனிய மொழி இதையே நாடுகிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது. காஃப்காவுக்கு ஆங்கிலத்தில் '-எஸ்க்', ருமேனிய மொழியில் 'காஃப்கியான்'. பைரனுக்கும் நெப்போலியனுக்கும் ஆங்கிலத்தில் '-இக்'. ருமேனிய மொழியிலோ 'பைரோனியான்', 'நப்போலியோனியான்'. நெப்போலியன் காலப் போர்களைப் பற்றி ருமேனிய மொழியில் எழுதும் ஆங்கிலவழி மாணவர் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் இது.

மறுபக்கத்தில், தொன்மப் பெயர்களில் ஆங்கிலம் '-இயன்' இடும்போது ருமேனிய மொழி '-இக்' இடுகிறது. சிசிஃபஸின் முடிவற்ற உழைப்பு அங்கே 'சிசிஃபிக்'. பிரொமீதியஸின் துணிவு 'ப்ரொமெடேயிக்'. அப்போலோவின் அமைதி 'அபொலினிக்'. டயனைசஸுக்கு மட்டும் தனியாக 'டியோனிசியாக்' என்று '-அக்' ஈறு வருகிறது. மாக்கியவெல்லியின் பெயரும் பிரெஞ்சு மொழியில் உள்ளது போலவே 'மாக்கியாவேலிக்' ஆகிறது. பிளேட்டோவுக்கோ இரண்டு சொற்கள் உள்ளன: உடலின்பம் கலவாத காதல் 'பிளாட்டோனிக்', அவருடைய மெய்யியலைச் சார்ந்தது 'பிளாட்டோனிச்சியான்'. ஆங்கிலம் இதே வேறுபாட்டை விகுதியால் காட்டாமல், முதலெழுத்தைச் சிறியதாகவோ பெரியதாகவோ எழுதிக் காட்டுகிறது.

'-எஸ்க்' விகுதி ருமேனிய மொழியில் மிகப் பழமையானது. வடிவத்தில் ஆங்கில '-எஸ்க்' போலவே இருந்தாலும், அது அன்றாடப் பேச்சில் வேரோடிய ஒன்று: ருமேனியருக்குரியது 'ரோமினெஸ்க்', மனிதருக்குரியது 'ஓமெனெஸ்க்'. தனிமனிதப் பெயர்களில் இதன் பெரும் சான்று, இன்றைய ருமேனியாவின் தென்பகுதியான வாலாக்கியாவை 1688 முதல் 1714 வரை ஆண்ட கான்ஸ்டான்டின் பிரின்கோவ்யானு. அவர் காலத்தில் மலர்ந்த, செதுக்கிய கல்தூண்களும் திறந்த முன்மண்டபங்களும் கொண்ட கட்டடப் பாணி 'ஸ்டிலுல் பிரின்கோவெனெஸ்க்' என்று அழைக்கப்படுகிறது. 1702இல் முடிந்த மொகொஷோயா அரண்மனையும், 1993இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற ஹொரேசு மடமும் அதற்கு எடுத்துக்காட்டுகள். தாந்தேக்கு 'டான்டெஸ்க்', டான் குயிக்சோட்டுக்கு 'டோன்கிஹோட்டெஸ்க்' என்று அயல்பெயர்களும் இவ்விகுதியை ஏற்கின்றன. கராஜாலேக்கு 'கராஜாலியான்', 'கராஜாலெஸ்க்' இரண்டுமே வழக்கில் உள்ளன. திறனாய்வுக் கட்டுரைக்கு முன்னதை நான் தேர்ந்தெடுப்பேன். நகைப்புக்கிடமான ஒரு சட்டமன்றக் காட்சியை விவரிக்கும்போது பின்னதன் நாட்டுப்புற ஒலி நன்றாகப் பொருந்தும்.

ஆட்சியாளர், கட்சித் தலைவர் பெயர்களுக்கு '-இஸ்ட்'. இங்கே ஒரு வியப்பான வெட்டு நிகழ்கிறது. ருமேனியாவின் கம்யூனிஸ்ட் சர்வாதிகாரி சௌஷெஸ்குவின் பெயரிலிருந்து வரும் சொல் 'சௌஷிஸ்ட்'. '-எஸ்கு' முழுவதுமாகக் கழன்றுவிட்டது. முன்னாள் குடியரசுத் தலைவர் பசெஸ்குவின் ஆதரவாளர் 'பசிஸ்ட்' ஆவதும் அப்படியே. ஆனால் போர்க்காலச் சர்வாதிகாரி அன்டோனெஸ்குவின் ஆட்சியை வரலாற்றாசிரியர்கள் 'அன்டோனெஸ்சியான்' என்று எழுதுகிறார்கள். சார்பையும் கூட்டத்தையும் சொல்ல வேண்டியபோது வெட்டி '-இஸ்ட்' ஒட்டுவதும், காலத்தையோ ஆட்சியையோ விலகி நின்று குறிக்கும்போது பெயரைச் சிதைக்காமல் '-இயான்' சேர்ப்பதும் பொதுப்போக்கு என்று கொள்ளலாம். சௌஷெஸ்குவின் ஆட்சிக்காலத்தைக் குறிக்கவும் 'சௌஷிஸ்ட்' என்றே பரவலாக எழுதுவதால் இதை இறுக்கமான விதியாக்க முடியாது.

ஊர்ப்பெயர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ருமேனிய மொழியில் '-யான்' என்பதே முதன்மை விகுதி: க்ளூஜ் 'க்ளுஜ்யான்', பிரஷோவ் 'பிரஷொவ்யான்', யாஷ் 'யெஷ்யான்'. மனிதருக்கும் பொருளுக்கும் தனித்தனிச் சொல் இருப்பதும் உண்டு; மோல்டோவாக்காரர் 'மொல்டொவ்யான்', அப்பகுதிக்குரிய உணவோ பாட்டோ 'மொல்டொவெனெஸ்க்'. ஆங்கிலத்தில் லண்டன்வாசிக்கு 'லண்டனர்' என்ற பெயர்ச்சொல் உண்டு, ஆனால் அன்றாடப் பெயரடை இல்லை. ஊர்ப்பெயரையே முன்னால் வைத்துவிடுகிறார்கள்.

படி 5: பால், எண், இடம் ஆகியவற்றைப் பொருத்துங்கள்

ஆங்கிலப் பெயரடை மாறாது. பெயர்ச்சொல்லுக்கு முன் நிற்கும். ருமேனியப் பெயரடை பொதுவாகப் பெயர்ச்சொல்லுக்குப் பின் நின்று, அதன் பாலுக்கும் எண்ணுக்கும் ஏற்ப உருமாறும். '-இயான்' என்பது ஆண்பால் ஒருமை. பெண்பால் ஒருமைக்கு '-இயான', ஆண்பால் பன்மைக்கு '-இயேனி', பெண்பால் பன்மைக்கு '-இயேனெ'. மூன்றாவது பாலைச் சேர்ந்த சொற்கள் ஒருமையில் ஆண்பால் வடிவையும் பன்மையில் பெண்பால் வடிவையும் ஏற்கும். எனவே 'போர்' என்று பொருள்படும் மூன்றாம்பால் சொல் பன்மையில் வரும்போது 'ரெஸ்பாய்யெலெ நப்போலியோனியேனெ' என்றாகும்.

'-எஸ்க்' விகுதியில் மெய்யொலியே மாறுகிறது: பெண்பால் ஒருமையில் '-யாஸ்க', பன்மையில் எல்லாப் பாலுக்கும் பொதுவாக '-எஷ்டி', அந்த இறுதி இகரமும் மூச்சளவே கேட்கும். '-இஸ்ட்' விகுதி பெண்பாலில் '-இஸ்ட', ஆண்பால் பன்மையில் '-இஷ்டி', பெண்பால் பன்மையில் '-இஸ்டெ'. '-இக்' விகுதியின் ககரம் இரு பன்மைகளிலும் சகரமாகும். இந்த மாற்றங்கள் பெயரடைகளுக்கு மட்டும் உரியவை அல்ல, மொழி முழுவதற்கும் பொது. ஆதலால் ஓரளவு ருமேனிய மொழி கற்றவருக்கு இது புதுப் பாடமாக இராது.

படி 6: அழுத்தத்தையும் எழுத்தையும் சரிபாருங்கள்

ஆங்கில '-இயன்', '-இக்' விகுதிகள் சொல்லின் அழுத்தத்தைத் தமக்கு முந்தைய அசைக்கு இழுத்துவிடும். டார்வின் என்பதில் முதலசையில் இருந்த அழுத்தம் 'டார்வினியன்' என்பதில் 'வி' மீது வரும். பைரன் என்பதில் முதலசையில் இருந்தது 'பைரானிக்' என்பதில் 'ரா' மீது வரும். '-எஸ்க்' அழுத்தத்தைத் தன்மீதே ஏற்றுக்கொள்ளும். '-ஐட்', '-இஸ்ட்' இரண்டும் பெயரின் அழுத்தத்தைத் தொடுவதில்லை. ருமேனிய மொழியில் '-இயான்', '-எஸ்க்', '-இஸ்ட்', '-யான்' எல்லாமே அழுத்தத்தைத் தாமே ஏற்கின்றன. '-இக்' மட்டும் முந்தைய அசைக்குத் தள்ளும்.

பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடு தமிழில் இல்லாததால் நம்மவர் இதில் எளிதில் கவனம் தவறுகிறார்கள். ஆங்கிலத்தில் இப்பெயரடைகள் பெரிய எழுத்தில் தொடங்கும். மூலப்பெயரின் நினைவு மங்கிப்போன 'குயிக்சாட்டிக்', 'டிரகோனியன்' போன்றவை சிறிய எழுத்துக்கு இறங்கிவிட்டன. கணிதத்தில் நார்வே நாட்டு ஆபெலின் பெயரிலிருந்து வந்த 'அபீலியன்' சொல்லும் பெரும்பாலும் அப்படியே எழுதப்படுகிறது. ருமேனிய மொழியில் எல்லாமே சிறிய எழுத்தில்தான். அந்நாடு 1919இல் 'யுலியான்' நாட்காட்டியிலிருந்து 'கிரெகோரியான்' நாட்காட்டிக்கு மாறியது என்று எழுதும்போதும், சீசரின் பெயரோ போப்பாண்டவரின் பெயரோ அதற்குப் பெரிய எழுத்தைப் பெற்றுத் தருவதில்லை.

படி 7: சொல் ஏற்றிருக்கும் பொருளை உறுதிசெய்யுங்கள்

வடிவம் சரியாக அமைந்தபின்னும் பொருள் கைமாறிப் போயிருக்கலாம். 'ஆர்வெல்லியன்' அரசு என்றால் ஆர்வெல் விரும்பிய அரசு அல்ல, அவர் அஞ்சி எச்சரித்த அரசு. 'டிக்கென்சியன்' என்றால் டிக்கன்ஸின் நடையைவிட வறுமையும் அழுக்கும் நிறைந்த தெருக்களே முதலில் நினைவுக்கு வரும். ருமேனிய மொழியில் இதற்கு இணையானது 'பாகோவியான்'. 1881இல் பகவ் நகரில் வாசிலியு என்ற குடும்பப்பெயருடன் பிறந்து, பாகோவியா என்ற புனைபெயரில் மழையையும் ஈயச் சவப்பெட்டிகளையும் பாடிய கவிஞரின் பெயர், இன்று சாம்பல்நிற மழைநாளைக் குறிக்கும் சாதாரணச் சொல்லாகிவிட்டது. அவரை ஒருவரி படிக்காதவரும் இலையுதிர்காலத்தை அப்படி அழைப்பார்.

தமிழில் எழுதும்போது இவற்றை எல்லாம் ஒரே அச்சில் வார்க்கக் கூடாது. கொள்கைக்கு நம்மிடம் 'காந்திய', 'மார்க்சிய', 'பெரியாரிய' என்ற வழக்கு உறுதியாக இருக்கிறது. காலத்திற்கு 'விக்டோரியா காலத்து' என்பதும், பாணிக்கு 'பிரின்கோவ்யானு பாணிக் கட்டடம்' என்பதும் தெளிவாக நிற்கும். 'காஃப்கிய' போன்ற வடிவங்கள் சிற்றிதழ் நடையில் வருகின்றன. அவை கொள்கைப் பெயர் போல ஒலிப்பதால், சூழலைக் குறிக்கும் இடத்தில் 'காஃப்காவின் கதைகளில் வருவது போன்ற' என்று விரித்து எழுதுவதே மேல் என்பது என் கருத்து.

இறுதியாக, விகுதி போலத் தோன்றுவதெல்லாம் விகுதியல்ல. ருமேனியக் கவிஞர் இயோன் பார்புவின் கவிதைகளைக் குறிக்கும் பெயரடை 'பார்பியான்'. அவருடைய இயற்பெயர் டான் பார்பிலியான். அந்தப் பெயரில் அவர் கணிதவியலாளர். வடிவியலில் 'பார்பிலியான்' வெளிகள் என்று வருவதில் ஒட்டப்பட்ட விகுதி எதுவும் இல்லை, அது அவருடைய குடும்பப்பெயரேதான். கணிதக் கட்டுரையை மொழிபெயர்ப்பவர் அதை 'பார்பிலி' என்று சுருக்கிவிட்டால், இல்லாத ஒருவரை உண்டாக்கியவர் ஆவார். ஐயம் எழுந்தால் ருமேனிய அகாதெமியின் எழுத்துமுறை அகராதியை, 2021இல் வந்த அதன் மூன்றாம் பதிப்பில் பார்க்கலாம். அதில் இடம்பெறாத எழுத்தாளர் பெயரடைகளுக்கு, அவ்வெழுத்தாளரைப் பற்றிய ருமேனியத் திறனாய்வுகள் எந்த வடிவத்தைத் தொடர்ந்து பயன்படுத்துகின்றன என்று தேடுவதே நம்பகமான வழி.